மிச்செலினா, கான்டினென்டலா? வேகக் கார்களுக்கான குளிர்கால டயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் அக்டோபர் பிறந்துவிட்டால் டயர் கடைக்காரர்கள் போனை எடுப்பதே அபூர்வம். கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3, பிஎம்டபிள்யூ எம்340ஐ போன்ற வேகமான கார்களை வைத்திருப்பவர்கள் அந்தச் சமயத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு டயர்களைப் பற்றி. ஒன்று, 2017-இல் வந்த மிச்செலின் பைலட் ஆல்பின் 5. இன்னொன்று, 2021-இல் வந்த கான்டினென்டல் வின்டர்கான்டாக்ட் டிஎஸ் 870 பி. இரண்டையும் ஒப்பிட்டு வரும் கேள்விகளுக்கும், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்ற சந்தேகங்களுக்கும் இங்கே பதில். சட்டம், சாலை, வானிலை எல்லாம் ஜெர்மனியை வைத்துச் சொல்லப்பட்டவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், இரண்டில் எதை வாங்குவது?

உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி ஆட்டோபானில் (ஜெர்மன் விரைவுச்சாலையில்), மழையில், பூஜ்யத்துக்குச் சற்று மேலே உள்ள குளிரில் என்றால் என் கை கான்டினென்டல் பக்கம்தான் போகும். வருஷத்துக்கு நிறைய கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், வார இறுதிகளில் ஆல்ப்ஸ் பக்கம் ஏறி இறங்குகிறீர்கள் என்றால் மிச்செலின். ஈரமான ரோட்டில் சீக்கிரம் நிற்பது கான்டினென்டலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விஷயம். மெதுவாகத் தேய்வது மிச்செலினுக்கு.

ஆனால் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சின்னது. இவற்றில் ஒன்றுக்கும், இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத டயருக்கும் நடுவில் உள்ளதுதான் பெரியது. உங்கள் காரின் அளவில் ஒன்று கையிருப்பில் இல்லையென்றால் மற்றதைத் தயங்காமல் வாங்குங்கள். நவம்பர் கடைசி வரை கோடை டயரோடு காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை.

பார்வைக்கே இரண்டும் வேறு மாதிரி இருக்கிறதே, ஏன்?

தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளை, அதாவது பட்டன்களை, அடுக்கியிருக்கும் அமைப்பு வேறு. பைலட் ஆல்பின் 5 ஒரே திசையில் உருள்வதற்காகச் செய்யப்பட்டது. நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் அம்பு முனை போலச் சாய்ந்த பள்ளங்கள் ஓடும். பக்கச் சுவரில் எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். தண்ணீரும் பாதி உருகிய பனிக்கூழும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பீய்ச்சி அடிக்கப்படுவதற்கான ஏற்பாடு இது.

டிஎஸ் 870 பி அப்படியல்ல. அதன் வெளிப் பாதியும் உள் பாதியும் ஒன்றுபோல் இருக்காது. வளைவில் காரின் எடை முழுவதும் சாய்வது வெளி ஓரத்தில் என்பதால் அங்கே பட்டன்கள் கொஞ்சம் பெரிதாக, விறைப்பாக இருக்கும். உள் பக்கத்தில் பள்ளங்களும் கீறல்களும் நெருக்கமாக இருக்கும்; பனியைக் கடிக்கும் வேலை பெரும்பாலும் அங்கே. இதில் அம்புக்குறி கிடையாது, எது வெளிப்பக்கம் என்று மட்டும் எழுதியிருக்கும்.

ஓட்டும்போது இதில் என்ன தெரியும்? ரோடு காய்ந்திருக்கும்போது வேகமாக ஒரு வளைவில் நுழைந்தால், வெளி ஓரம் விறைப்பான டயர் ஸ்டீயரிங்குக்கு உடனே பதில் சொல்லும் என்பது எதிர்பார்ப்பு. பனிக்கூழ் தேங்கிய ரோட்டில் அம்பு முனை அமைப்புக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு. ஆனால் பட்டன் அமைப்பை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது, ரப்பர் கலவைக்கும் டயரின் உள் கட்டமைப்புக்கும் பாதிப் பங்கு இருக்கிறது.

கராஜில் தெரியும் வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அம்பு உள்ள டயரை முன்னும் பின்னும் மாற்றலாம், ஆனால் அதே பக்கத்தில்தான். இடது சக்கரத்தை வலதுக்குக் கொண்டுபோனால் அது தலைகீழாக உருளும். டிஎஸ் 870 பி-யை எந்தப் பக்கமும் மாட்டலாம். முன்னால் குறுகலாகவும் பின்னால் அகலமாகவும் டயர் போடும் கார்களில், அம்பு உள்ள டயருக்கு இடம் மாற்றும் வழியே இல்லை.

பட்டன் மேலே இருக்கிற மெல்லிய கீறல்கள் எதற்கு?

குளிர்கால டயரின் உயிரே அவைதான். ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கிழித்தது போலப் பல கோடுகள் இருக்கும். டயர் தரையைத் தொடும் நொடியில் அவை லேசாக விரிந்து பனியைக் கவ்வும். பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால், கீறலில் சிக்கிய பனியும் பிடிமானத்துக்கு உதவும்.

சிக்கல் எங்கே என்றால், இவ்வளவு கீறிய ரப்பர் காய்ந்த ரோட்டில் பிரேக் அடிக்கும்போது துவண்டுவிடும். கீறலுக்குள் ஒரு மெல்லிய அட்டையை விட்டுப் பாருங்கள், நேராக இறங்காது. உள்ளே சுவர்கள் மேடு பள்ளமாக, நெளி நெளியாக இருக்கும். பிரேக் அடித்ததும் பட்டன் சாயும், அந்த மேடுகள் எதிர்ச்சுவரின் பள்ளங்களில் போய்ப் பூட்டிக்கொள்ளும், பட்டன் ஒரே கட்டியாக நிற்கும். 300 குதிரைத் திறன் காருக்கான குளிர்கால டயரும் சின்னக் காருக்கானதும் பிரியும் இடம் பெரும்பாலும் இந்தப் பூட்டு எவ்வளவு இறுக்கம் என்பதில்தான்.

7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயர் வேலை செய்யாது என்கிறார்களே?

நினைவில் வைத்துக்கொள்ள வசதியான எண், அவ்வளவுதான். 8 டிகிரியில் நன்றாக இருந்த டயர் 6 டிகிரியில் கைவிட்டுவிடாது. குளிரக் குளிர ரப்பர் படிப்படியாக இறுகும். குளிர்கால டயரின் கலவை அதிகம் இறுகாமல் இருக்கும்படி செய்யப்படுகிறது. காய்ந்த ரோட்டில் 5 டிகிரியிலும் ஒரு நல்ல கோடை டயர் குறைந்த தூரத்தில் நின்று காட்டும். பனி, பனிக்கூழ், உறைபனி என்று வந்துவிட்டால் போட்டியே கிடையாது.

பிறகு ஏன் முன்கூட்டியே மாற்ற வேண்டும்? இரவில் பாலத்தின் மேல் படிந்த உறைபனி காலை ஏழு மணிக்கு உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. அத்தோடு, அதிவேகக் கோடை டயர்கள் சிலவற்றின் ரப்பரில் கடும் குளிரில் வெடிப்பு விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அப்படிப்பட்ட டயரோடு காரைப் பனியில் நிறுத்தி வைத்து நகர்த்துவதுகூட நல்லதல்ல.

சோதனைகளில் 5 சதவீதம்தானே வித்தியாசம் வருகிறது, அதைப் பெரிதுபடுத்த வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு கார் 50 மீட்டரில் நிற்கிறது. இன்னொன்று 5 சதவீதம் அதிகமாக, 52.5 மீட்டர் எடுக்கிறது. முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது கார் இன்னும் ஏறக்குறைய 22 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வித்தியாசம் 10 சதவீதம் என்றால் மிச்ச வேகம் 30 கி.மீ.

பிரேக் அடிக்கும்போது வேகம் சீராகக் குறைந்தாலும், கடைசி இரண்டு மூன்று மீட்டரில்தான் மிச்ச வேகம் மளமளவென்று இறங்கும். அதனால்தான் தூரத்தில் அற்பமாகத் தெரிவது முன்னால் நிற்கும் வண்டியின் பம்பரில் அற்பமாக இருப்பதில்லை.

ஜெர்மனியின் கார் ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி-யின் சோதனை முடிவை அப்படியே நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எந்த அளவு டயரைச் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள். ஒரே பெயரில் வரும் டயர் 17 அங்குலத்தில் ஒரு மாதிரியும் 20 அங்குலத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். சின்னக் குடும்பக் காரின் அளவில் வந்த வரிசையை உங்கள் எம்340ஐ-க்கு அப்படியே பொருத்தக் கூடாது.

அடுத்தது, மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு உள்ளே போங்கள். 2023-இலிருந்து ஏடிஏசி மதிப்பெண்ணில் 70 சதவீதம் ஓட்டப் பாதுகாப்புக்கு, 30 சதவீதம் சுற்றுச்சூழலுக்கு. இந்த இரண்டாவது பங்கில் தேய்மானம் முக்கியம் என்பதால் நீண்ட நாள் வரும் டயர்கள் மேலே ஏறுகின்றன. அது தவறில்லை. ஆனால் ஈரச் சாலையில் நிற்கும் தூரம்தான் உங்களுக்குப் பெரிது என்றால் அந்தக் கட்டத்தை மட்டும் தனியாகப் பார்த்து முடிவெடுங்கள். சோதனைகள் பெரும்பாலும் புது டயரில் நடப்பவை என்பதும் நினைவிருக்கட்டும். பாதி தேய்ந்த டயரையும் சோதிக்க வேண்டும் என்று மிச்செலின் பல வருஷமாக வாதாடி வருகிறது. அதில் அவர்களுக்கு வியாபார லாபம் இருக்கிறது, இருந்தாலும் வாதம் நியாயமானது.

டயரில் ஒட்டியிருக்கும் ஐரோப்பிய லேபிள் போதாதா?

போதாது. எரிபொருள் செலவு, ஈரப் பிடிமானம், சத்தம் இந்த மூன்றும் அதில் இருக்கும். 2021 மே மாதத்திலிருந்து பனி, பனிக்கட்டிக் குறிகளும் சேர்ந்திருக்கின்றன. காய்ந்த ரோட்டில் வளைவில் எப்படி நிற்கும், எத்தனை கிலோமீட்டர் வரும் என்பதைப் பற்றி லேபிள் வாயே திறக்காது.

ஜெர்மனியில் குளிர்கால டயர் கட்டாயமா? எந்தத் தேதியிலிருந்து?

தேதி எதுவும் கிடையாது. 2010 டிசம்பரில் திருத்தப்பட்ட விதிப்படி, ரோட்டில் உறைபனி, பனி, பனிக்கூழ் வழுக்கல் இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை என்று மக்கள் சொல்வது பழக்கம், சட்டம் அல்ல. மீறினால் 60 யூரோ அபராதம், ஓட்டுநர்களின் விதிமீறல்களைக் குறித்து வைக்கும் ஃப்ளென்ஸ்புர்க் பதிவேட்டில் ஒரு புள்ளி. போக்குவரத்துக்கும் இடைஞ்சல் செய்தால் 80 யூரோ. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் பணத்தைப் பிடித்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது, அது அபராதத்தை விடப் பெரிய அடி.

2024 அக்டோபர் 1 முதல் இன்னொரு மாற்றம். மூன்று முகடு கொண்ட மலையும் நடுவில் பனித்துகளும் உள்ள குறி இருந்தால்தான் குளிர்கால டயர் என்று கணக்கு. வெறும் எம் ப்ளஸ் எஸ் (சேறும் பனியும்) எழுத்து மட்டும் உள்ள பழைய டயர்கள் இனிச் செல்லாது. நாம் பேசும் இரண்டிலும் மலைக்குறி உண்டு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி, ரிம்மோடு பழைய டயர் செட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்றால் பக்கச் சுவரைக் குனிந்து பாருங்கள்.

ஆஸ்திரியா வழியாகப் போகிறவர்களுக்கு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, குளிர்கால நிலைமை ரோட்டில் இருக்கும்போது கட்டாயம். அங்கே 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயர் குளிர்கால டயராகவே எண்ணப்படாது.

என் கார் 250 கி.மீ. வேகம் போகும். கடையில் கொடுக்கும் டயரில் வி என்று இருக்கிறதே?

வி என்றால் 240 கி.மீ. வரை. ஹெச் 210, டபிள்யூ 270, ஒய் 300. காரின் உச்ச வேகத்துக்குக் குறைவான குறியீடு உள்ள குளிர்கால டயரைப் போட ஜெர்மனியில் அனுமதி உண்டு. ஆனால் அந்த வேக வரம்பு ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஸ்டிக்கராகவோ காரின் எச்சரிக்கை அமைப்பிலோ இருக்க வேண்டும். கடைக்காரர் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுப்பார். அதை வாங்கிக் கையுறைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள் பலர்.

வி-யா டபிள்யூ-வா என்பதில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஜனவரியில் 240-ஐத் தாண்ட உங்களுக்கு எத்தனை நாள் கிடைத்துவிடப்போகிறது? எடைக் குறியீட்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 92 என்றால் ஒரு டயருக்கு 630 கிலோ, 95 என்றால் 690. கார் ஆவணத்தில் கேட்டதை விடக் குறைவாக வாங்க முடியாது.

கோடையில் 19 அங்குலம். குளிர்காலத்துக்கும் அதே ரிம்மா?

ஒரு அங்குலம் இறங்குங்கள் என்பதுதான் என் யோசனை. கோல்ஃப் ஆர் கோடையில் 235/35 ஆர் 19 (அகலம் மி.மீ.யில், பக்கச் சுவரின் உயரம் அகலத்தின் சதவீதத்தில், ரிம் அங்குலத்தில்) போட்டிருந்தால் குளிர்காலத்துக்கு 225/40 ஆர் 18; பிஎம்டபிள்யூ 3 வரிசையில் 225/45 ஆர் 18 நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவாகப் போடலாம். டயர் விலை குறையும். பனி உருகி ரோடு குழிகுழியாகும் பிப்ரவரி மாதத்தில் கொஞ்சம் உயரமான பக்கச் சுவர் ரிம்மைக் காப்பாற்றும். நாலும் ஒரே அளவு என்பதால் முன்பின் மாற்றிச் சமமாகத் தேய்க்கவும் முடியும். தண்ணீர் தேங்கிய ரோட்டில் குறுகலான டயர் சற்று தாமதமாகத்தான் மிதக்க ஆரம்பிக்கும் என்பது கூடுதல் நன்மை.

எவ்வளவு இறங்கலாம் என்பதை முடிவு செய்வது பிரேக். பெரிய பிரேக் போட்ட கார்களில் சின்ன ரிம், பிரேக் வட்டைக் கவ்வும் கேலிப்பரில் இடிக்கும். காரின் பதிவுச் சான்றோடு வரும் இணக்க ஆவணத்திலும் உற்பத்தியாளரின் பட்டியலிலும் அனுமதித்த அளவுகள் இருக்கும், அதைப் பார்த்தபின் ரிம்மை வாங்குங்கள்.

டயரில் நட்சத்திரக் குறி, எம்ஓ, ஏஓ, என் என்றெல்லாம் இருப்பது கட்டாயமா?

நட்சத்திரம் பிஎம்டபிள்யூவுக்கு, எம்ஓ மெர்சிடிஸுக்கு, ஏஓ ஆடிக்கு, ‘என்’ என்ற எழுத்தில் தொடங்கும் குறி போர்ஷேவுக்கு. அந்தந்தக் காருக்காகத் தயாரிப்பாளரோடு சேர்ந்து சரிசெய்த டயர் என்று அர்த்தம். பெரும்பாலான கார்களில் கட்டாயம் இல்லை. போர்ஷே வைத்திருந்தால் நான் ‘என்’ குறி உள்ளதையே வாங்குவேன். விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நாலு சக்கரமும் இழுக்கும் கார். அப்படியும் தேவையா?

கிளம்புவதற்கு அது உதவும். நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்தில்தான் இருக்கிறது. மிதிபட்ட பனியில் குளிர்கால டயருக்குப் பிடிமானக் குணகம் 0.35, கோடை டயருக்கு 0.2 என்று வைத்துக்கொண்டால், 50 கி.மீ. வேகத்தில் முதலாவது 28 மீட்டரில் நிற்கும், இரண்டாவது 49 மீட்டர் எடுக்கும். இழுவிசை நன்றாக இருக்கும் காரில் ஆபத்து என்னவென்றால், ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. சுகமாக வேகம் எடுத்துவிட்டு முதல் பிரேக்கில்தான் உண்மை தெரியவரும்.

இந்த வகைக் கார்களில் இரண்டு டயரை மட்டும் மாற்றுவதும் சிக்கல். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், முன் பின் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரிக்கும் கிளட்ச் ஓயாமல் வேலை செய்து சூடாகும். ஒரு மிச்செலின் ஜோடி, ஒரு கான்டினென்டல் ஜோடி என்று கலந்து போடுவதையும் தவிர்க்கவும்.

எப்போது கழற்றி எறிவது?

சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஆனால் அந்த நிலையில் அது பனிக்கு மொட்டை டயர்தான். ஏடிஏசி சொல்வது 4 மி.மீ. புது டயரில் 8 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும், ஆக உண்மையில் உங்களுக்குப் பயன்படுவது பாதிதான். அளவுகோல் வேண்டாம், 2 யூரோ நாணயம் போதும். அதை நேராகப் பள்ளத்தில் நிறுத்துங்கள். ஓரத்தில் உள்ள வெள்ளி நிற வளையத்தின் அகலம் ஏறக்குறைய 4 மி.மீ. வளையம் முழுவதும் மறைந்தால் இன்னும் ஓட்டலாம். நடுவில், உள் ஓரத்தில், வெளி ஓரத்தில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வேகக் கார்களில் உள் ஓரம் முதலில் தேய்வது சகஜம், மேலே நின்று பார்த்தால் அது தெரியாது.

கழற்றாமல் கோடையிலும் ஓட்டித் தேய்த்துவிட்டால்?

ஜெர்மனியில் சட்டம் தடுக்காது. 30 டிகிரி வெயிலில் அந்த ரப்பர் குழைந்து பிரேக் தூரம் நீளும், அவ்வளவு திறனுள்ள காரை வாங்கியதன் அர்த்தமே போய்விடும். இத்தாலிக்கு விடுமுறை போகிறவர்கள் கூடுதல் கவனம்: மே 16 முதல் அக்டோபர் 14 வரை, கார் ஆவணத்தில் உள்ளதை விடக் குறைந்த வேகக் குறியீடு உள்ள குளிர்கால டயருக்கு அங்கே அனுமதி இல்லை.

ஸ்வீடன் நண்பர் ஆணி வைத்த டயர் போடுகிறார், அதுதானே சிறந்தது?

ஜெர்மன் ரோட்டில் ஆணி டயருக்குத் தடை. ஆணி இல்லாத வட ஐரோப்பிய டயர்கள் பனிக்கட்டியில் அபாரமாகப் பிடிக்கும், ஆனால் ஈரமான ஆட்டோபானில் குழைந்துபோகும். அவற்றின் வேகக் குறியீடும் தாழ்வு.

இரண்டு வருஷப் பழைய ஸ்டாக் தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள்: 3824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். இருட்டில், உலர்ந்த இடத்தில் சரியாக வைத்திருந்தால் இரண்டு வருஷம் ஒன்றும் செய்யாது. நாலு டயரிலும் தேதி நெருக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்?

கதவோரம் அல்லது பெட்ரோல் மூடியின் உட்புறம் எழுதியிருக்கும் அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 0.1 பார் குறையும். கதகதப்பான கராஜில் சரியாக அடித்துவிட்டு மைனஸ் 5-இல் வெளியே வந்தால் குறைவாகத்தான் இருக்கும், அதனால் 0.2 பார் கூடுதலாக வைப்பது வழக்கம்.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியது ஏதாவது?

முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேற்தோல் போக வேண்டும். 50 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை மறுபடி முறுக்கிப் பார்க்கவும். கோல்ஃபுக்கு 120 நியூட்டன் மீட்டர், மற்ற கார்களுக்குக் கையேட்டில் உள்ளபடி. காற்றழுத்த எச்சரிக்கையைப் புது டயரோடு ஒருமுறை பதிந்துவிடுங்கள். கழற்றிய கோடை டயர்களில் எது முன் இடது, எது பின் வலது என்று சாக்பீஸால் எழுதி வைத்தால் ஏப்ரலில் தேட வேண்டியதில்லை.